பதினாலு பை அறுபது

பல் டாக்டர்கள் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர்கள். நம் டாக்டர் தன் வாயைத் திறந்ததுதான் வினையாகப் போயிற்று.

மகளின் பிறந்தநாள் விருந்தில், சொந்தபந்தமெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையைப் பார்த்து, "போலிப் படத்தப் பரிசுன்னு என் தலையில கட்டின பிராடு" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை எழுந்தார். தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து மகள் அப்பாவின் போனை எடுப்பதில்லை. டாக்டர் அதற்கும் அசரவில்லை. போலீஸுக்கு ஒரு புகாரை டைப் அடித்து கிளினிக் டிராயரில் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு முன் ஊர்ஜிதம் செய்துகொள்ள அண்ணியைக் கூப்பிட்டார். புகார் போனால் மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரி வேலை போகும். மகளும் போனவள் போனவள்தான்.

அண்ணி என்பது துப்பறியும் நிபுணரின் பெயரல்ல. அவருடைய உதவியாளன் அவர் கணவரின் தம்பி. அவன் வாய் ஓயாமல் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், கேஸ் கொடுக்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, வாசல் பலகையில் எழுதாத குறைதான். அவனை நாமும் கொழுந்தன் என்றே வைத்துக்கொள்வோம். மூளை கொஞ்சம் மெதுவாக வேலை செய்தாலும் வாய் அதை ஈடுகட்டிவிடும்.

இப்போது அந்தக் கொழுந்தன், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, போர்வையில் சுற்றிய படத்தைக் காற்றோடு மல்லுக்கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, மெதுவா போங்க. காத்து அடிச்சா நானும் படமும் சேந்து வேற ஊருக்குப் போயிடுவோம்."

"படத்த விடாதே. நீ போனா பரவாயில்ல."

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அதில் காதில் வைத்துக் கேட்கும் இடம் எப்போதோ செத்துப்போய்விட்டது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்கும். "சோப்பு வாங்கிட்டீங்களா, இல்ல இன்னிக்கும் மறந்தாச்சா?" என்றது அவன் மனைவியின் குரல். சிக்னலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்ல இத ரிப்பேர் பண்ணு" என்றார் அண்ணி.

"ரிப்பேர் பண்ணா அவ திட்டறது எனக்கு மட்டும்தான் கேக்கும். இப்போ ஊரே பரிதாபப்படுது."

அண்ணி சிரிக்கவில்லை. நேற்றிலிருந்தே அவர் சிரிக்கவில்லை. நேற்று மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருந்தார்கள். பிசியோதெரபி அறை. பெஞ்ச் நிறைய நோயாளிகள். ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம், வெளியே கூப்பிட்டுப் பேசலாம் என்று கூடத் தோன்றாமல், அண்ணி உரக்கக் கேட்டார்: "அந்தப் படத்துல கையெழுத்து யாரோடது?"

மாப்பிள்ளை முழங்காலை விடாமலே சொன்னார்: "யாரோடதுன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். பெரியவர் முழங்காலை மெல்ல இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கொழுந்தன், "கேஸ் முடிஞ்சுது அண்ணி" என்றான். அண்ணிக்கு அந்தப் பதில் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. திருடன் தெரியாது என்பான். தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறவன் யாரையோ காப்பாற்றுகிறான்.

கேலரியில் கேலரிக்காரம்மா மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். முதன்முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர் இவர்தான். பல் அடைக்கப் போன இடத்தில், டாக்டர் கிளினிக்கின் காத்திருக்கும் அறைச் சுவரில் இந்தப் படத்தைப் பார்த்து, கையெழுத்து வேறு என்று ஊரார் முன்னிலையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவரிடமிருந்த படத்தின் பக்கத்தில் டாக்டருடையதை ஃப்ரேமிலிருந்து கழற்றி விரித்தார்கள்.

இரண்டிலும் ஒரே காட்சி. மழை விட்ட பிறகு ஒரு வராந்தாவில் விரித்து வைத்த குடைகள். 'காயும் குடைகள்' என்று அடியில் பென்சிலால் தலைப்பு. வலது மூலையில் ஓவியரின் கையெழுத்து. இடது மூலையில் நம்பர். இரண்டிலும் 14/60.

"பதினாலு பை அறுபது" என்று வாசித்தான் கொழுந்தன். "மளிகைக் கடைக்குச் சரக்கு வந்த மாதிரி இருக்கு."

"சில்க் ஸ்கிரீன் அச்சு" என்றார் கேலரிக்காரம்மா, அவனைக் கண்டுகொள்ளாமல். "சட்டத்துல இழுத்துக் கட்டின வலைத்துணி வழியா ஒவ்வொரு கலரா மையத் தள்ளி அடிக்கறது. மொத்தமே அறுபதுதான் அடிச்சாரு. அதுல இது பதினாலாவது. ஒரு நம்பர் ஒரு படத்துக்குத்தான். ரெண்டு பதினாலு இருக்கவே முடியாது."

"கையெழுத்து வேறன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். வேறதான்."

அண்ணி குனிந்து இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் எழுத்தின் சுழி, நடுவில் ஓர் அலட்சியமான இழுப்பு, கடைசியில் மேலே ஏறும் வால். டாக்டர் படத்தில் கோடு லேசாக நடுங்கியிருந்தது. மற்றபடி அச்சு அசல் அதே கை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"அங்க ஏன் பாக்கறீங்க?" கேலரிக்காரம்மா விரலை இடது மூலைக்கு நகர்த்தினார். "இங்க பாருங்க. நம்பர் எழுதியிருக்கற கையெழுத்தச் சொன்னேன்."



"அப்போ ஓவியர் போட்ட சைன்?" என்றார் அண்ணி.

"அது அவரோடதுதான். அதுல என்ன சந்தேகம்? சைனப் பத்தி நான் பேசவே இல்லயே."

"அத டாக்டருக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? ஊசி போட்டு உட்கார வெச்சிருந்தாரு. பாதி வாய் மரத்துப் போச்சு. கையெழுத்து வேறங்கறதுக்குள்ளயே எச்சில் ஒழுகுது. மேல பேச வெட்கமா இருந்துச்சு."

"ஆக, டாக்டர் போட்ட ஊசி டாக்டரையே குத்தியிருக்கு" என்றான் கொழுந்தன். "கையெழுத்துங்கற ஒரே வார்த்தைய வெச்சு ரெண்டு வேலை வாங்கினா இப்படித்தான்."

பிறந்தநாள் விருந்தில் நடந்ததை அண்ணி சுருக்கமாகச் சொன்னார். கேலரிக்காரம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, வீட்டு மாப்பிள்ளையவா? நான் ஒரு போன் பண்ணியிருக்கணும்" என்று புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவர், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். நம்பர் இருந்த இடத்தில் காகிதம் லேசாகப் பஞ்சு விட்டிருந்தது. யாரோ எதையோ ரப்பரால் அழித்துவிட்டுத்தான் அதன்மேல் நம்பர் எழுதியிருக்கிறார்கள். பென்சில் போனாலும் பள்ளம் போகவில்லை. வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் இரண்டு எழுத்துகள் தெரிந்தன.

"ஓ. புள்ளி. ப. புள்ளி" என்றார் அண்ணி.

"ஓசிப் படம்" என்றான் கொழுந்தன் உடனே.

கேலரிக்காரம்மா எழுந்தே விட்டார். "ஓவியர் படியா? நம்பர் போட்ட அறுபது போக, ரெண்டு மூணு படம் அவர் தனக்குன்னு வெச்சுக்குவாரு. அது விக்கறதுக்கே இல்ல. அவரா மனசு வெச்சு யாருக்காவது குடுத்தாத்தான் உண்டு. என் பதினாலுக்கு மேல மதிப்பு அதுக்கு."

"அப்போ ஓசிப் படம்தான்" என்றான் கொழுந்தன். "நான் சொன்னா யாரும் கேக்கறதில்ல."

அண்ணி படத்தைப் போர்வைக்குள் வைத்தார். "உங்க பதினாலோட போட்டோ எங்கயாவது வந்திருக்கா?"

"எங்க வெப்சைட்ல முதல் பக்கமே அதுதான். படத்தோட பேர் போட்டுத் தேடினா முதல்ல வர்றது அதுதான்."

ஓவியரின் அச்சுக்கூடம் ஒரு பழைய கார் ஷெட். சுவரெல்லாம் சாய்த்து வைத்த ஸ்கிரீன்கள். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய ஈரப் படங்கள். மை நெடி மூக்கைத் துளைத்தது. ஓவியர் ஒரு ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்கிரீன் மேல் மையை ஒரே இழுப்பாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்து முடிக்கும்வரை யார் வந்திருக்கிறார்கள் என்று கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு நாளா போன் பண்றோம் சார்."

"நடுவுல நிறுத்தினா மை வலையில காஞ்சிடும். அப்புறம் அந்தத் துணிய வெச்சு டீதான் வடிகட்டணும்." படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, இது நம்ம பையன்கிட்ட இருந்ததாச்சே. அந்த பிசியோதெரபிகாரன்." வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தோள் தூக்கவே வரல. இனிமே படம் கிடையாதுன்னு உட்கார்ந்திருந்தேன். மாசக்கணக்கா வீட்டுக்கே வந்து, திட்டித் திட்டித் தூக்க வெச்சான். கை வந்ததும் நான் முதல்ல சைன் போட்டது இதுலதான். கோடு நடுங்கியிருக்கும் பாருங்க. வேற போட்டுத் தரேன்னேன். இதுதான் வேணும்னு வாங்கிட்டுப் போனான். கல்யாணத்துக்கு அப்புறம் மாமனாருக்கு முதல் பரிசு குடுக்கணும்னான்."

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. ஆஸ்பத்திரி அறையும் பெஞ்சும் அவர் கண் முன்னால் வந்தன, தன் குரல் மறுபடி கேட்டது. கன்னம் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஓவியர் இடது மூலையைப் பார்த்தார். மலர்ந்த முகம் வாடிப்போயிற்று. "யாருங்க இது? என் எழுத்த அழிச்சுட்டு நம்பர் போட்டிருக்கறது? இந்த நாலு என்னோடது இல்ல."

யாருடையதும் இல்லாத மாதிரிதான் இருந்தது அந்த நாலு. உச்சி சேராமல், தலைகீழாகக் கவிழ்த்த நாற்காலி போல. ஒன்றுக்குத் தலையில் கொக்கியும் காலில் கோடும்.

"ஏமாத்தறவனா இருந்தா யாரும் பாக்காத நம்பரா தேடிப் போடுவான்" என்றார் அண்ணி, வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றபடி. "இவங்க ஊருக்கே தெரிஞ்ச நம்பரப் போட்டிருக்காங்க. போன்ல பாத்து அப்படியே எழுதியிருக்காங்க. ஏமாத்தத் தெரியாத ஆள் பண்ணின வேலை தம்பி இது."

"அப்படி ஒரு ஆள் நம்ம தொழில்ல இதுவரைக்கும் மாட்டினதே இல்லயே அண்ணி."

"டாக்டர் சொன்னபடி, படம் ஃப்ரேம் போடாம சுருட்டித்தான் அவர் வீட்டுக்குப் போச்சு. கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் யாரும் எழுத முடியாது. நடுவுல அது எந்த வீட்ல இருந்துச்சு?"

கொழுந்தன் படத்தை அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான்.

கிளினிக் கீழே, வீடு மாடியில். டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லோடு போராடிக்கொண்டிருந்ததால் அவர்களை மேலே போகச் சொன்னார். டாக்டர் வீட்டம்மா டீ போடச் சமையலறைக்குள் போனார். அண்ணியும் உதவி செய்கிற சாக்கில் பின்னாலேயே போனார்.

அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துண்டு ஒட்டி, உள்ளே இருப்பதன் பேரும் வாங்கிப் போட்ட தேதியும் எழுதியிருந்தது. சர்க்கரை 4/10. டீத்தூள் 16/4. சுத்தமான வீடு, சுத்தமான கையெழுத்து. நாலு வந்த இடத்திலெல்லாம் அந்த நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

அண்ணி டீத்தூள் டப்பாவை எடுத்து அடுப்பின் பக்கத்தில் வைத்தார். துண்டு இருந்த பக்கம் வெளியே தெரியும்படி. 

டாக்டர் வீட்டம்மா டப்பாவைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை பேர் கெடக் கூடாதுன்னுதான் பண்ணினேன்" என்றார் மெல்ல. "படத்த விரிச்சுப் பாத்துட்டு என் தங்கச்சி சிரிச்சா. நம்பர் இருந்தாத்தான் ஒரிஜினலாம், இல்லாட்டி காலண்டர் படமாம். இதுல ஓ, ப-ன்னு என்னமோ கிறுக்கியிருக்குன்னா. எங்க வீட்டுக்காரர் ஏற்கனவே மாப்பிள்ளைய, கால் அமுக்கறவன்னுதான் சொல்லுவாரு. இதுவும் சேர வேணாம்னு போன்ல தேடிப் பாத்தேன். அந்தப் படத்துக்குப் பதினாலு பை அறுபதுன்னு இருந்துச்சு. ஃப்ரிஜ்ஜுக்கு மாடல் நம்பர் இருக்கும்ல, அதுமாதிரி எல்லாத்துக்கும் ஒரே நம்பர்னு நெனச்சுட்டேன்."

வாசலில் நின்ற கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சரிம்மா. அது தெரியாம பண்ணினது" என்றார் அண்ணி. "விருந்துல அவர் திட்டினப்போ?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார் போல. கண் நிரம்பிவிட்டது. "நான் பக்கத்துலதான் நின்னேன். கையில கரண்டியோட. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. என் தங்கச்சி இருந்தா, நாத்தனார் இருந்தாங்க. அவங்க முன்னாடி நான்தான் கிறுக்கினேன்னு எப்படிச் சொல்றது? மாப்பிள்ளைக்கு ரெண்டாவது தடவ பரிமாறிட்டு உள்ள வந்துட்டேன். அன்னையிலேருந்து கண்ணாடியில என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல எனக்கு."

"டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"எனக்கு வாய் வராதும்மா."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். டாக்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "என்ன, ஊர்ஜிதமாச்சா? புகாரக் குடுத்துடலாமா?"

டாக்டர் வீட்டம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அவருக்கு அவகாசம் கொடுத்தார். அந்த அவகாசத்தில் கொழுந்தனின் சட்டைப் பை அலறியது. சோப்புதான் என்று நினைத்து அவன் எடுத்துவிட்டான்.

"நான் டாக்டரோட மாப்பிள்ளை பேசறேன்" என்றது போன், சமையலறை முழுக்க. "ஓவியர் இப்பத்தான் கூப்பிட்டு இந்த நம்பரக் குடுத்தார். நீங்க அங்க போனீங்களாமே. தயவுசெஞ்சு இதோட விட்டுடுங்க."

கொழுந்தன் போனை அணைக்கக் கையைக் கொண்டுபோனான். டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து, தெரியும், சொல்ல மாட்டேன்னீங்களே" என்றார் அண்ணி, போன் பக்கம் குனிந்து. "அது சைன் இல்ல. நம்பர் எழுதின கை." அவர் பேச்சை நிறுத்தினார். போன் இருக்கும் லட்சணத்தை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் மாப்பிள்ளை தொடர்ந்துவிட்டார்.

"படத்த மாட்டின அன்னிக்கே தெரியும் மேடம். வாராவாரம் எங்க வீட்டு ஃப்ரிஜ்ஜுக்கு வர்ற டப்பா மேல அந்த நாலத்தானே பாக்கறேன். நல்ல மனசோட பண்ணியிருப்பாங்க. மாமா புகார் குடுத்தா குடுக்கட்டும், நான் பாத்துக்கறேன். நான் தனி வீட்ல இருக்கறவன். பிராடுன்னா நாலு நாள் பேசிட்டு விட்டுடுவாங்க. அவங்க அந்த வீட்லயேதானே இருந்தாகணும். அத்தைக்கு நான் கண்டுபிடிச்சது தெரியக் கூடாது. தெரிஞ்சா என் முன்னாடி நிக்கவே கூச்சப்படுவாங்க."

டாக்டர் மணிக்கட்டை விட்டார். அவர் பார்வை அலமாரிக்குப் போயிற்று. சர்க்கரை, டீத்தூள், உப்பு என்று ஒவ்வொரு டப்பாவாகப் படித்துக்கொண்டே போனார். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகும் திரும்பவில்லை. திரும்பினால் மனைவியைப் பார்க்க வேண்டும். மனைவியைப் பார்த்தால், தான் விருந்தில் சொன்ன வார்த்தையையும் பார்க்க வேண்டும். அவர் காது மடல் வரை சிவந்திருந்தது.

"ஹலோ?" என்றது போன். "லைன்ல இருக்கீங்களா?"

டாக்டர் வீட்டம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். கொழுந்தன் கையிலிருந்த போனின் அருகில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை. அத்தை பேசறேன்."

"அத்தை, நீங்களா?" என்றது போன்.

"எல்லாம் கேட்டுச்சு. உங்க மாமாவும் இங்கதான் நிக்கறாரு. ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் சாப்பிட வரணும். அன்னிக்கு மேஜையில இருந்த அத்தன பேரையும் கூப்பிடப் போறேன். என் தங்கச்சியையும்தான். அவங்க முன்னாடி முதல்ல நான் பேசுவேன்." அவர் கணவர் பக்கம் திரும்பினார். "அப்புறம் இவர் பேசுவாரு."

டாக்டர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். விரல் விரலாக இழுத்தும் அது வரவில்லை. "பேசறேன்" என்றார் கடைசியில், போனுக்குக் கேட்குமா என்று தெரியாத குரலில். அந்தப் போனில் எல்லாம் கேட்கும்.

அண்ணியும் கொழுந்தனும் டீ குடிக்காமலே கீழே இறங்கினார்கள். ஸ்கூட்டர் அருகில் வந்ததும் கொழுந்தன் போனைப் பார்த்துக்கொண்டே, "இத ரிப்பேர் பண்ண வேணாம்னு நெனைக்கறேன் அண்ணி" என்றான். பிறகு, "இப்ப எங்க? வீட்டுக்கா?" என்று கேட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு."

"அவர்கிட்ட மன்னிப்பு போன்லயே கேட்டுடலாமே. பாவம், இப்ப பேஷன்ட்ஸ் இருப்பாங்க."

"இருக்கணும்" என்றார் அண்ணி, சாவியைத் திருகியபடி. "நேத்து அந்த பெஞ்ச்ல உட்கார்ந்திருந்தவங்க இன்னிக்கும் வருவாங்க. அதே ரூம்ல, அவங்க முன்னாடி, நேத்து கேட்ட அதே சத்தத்துல சொல்லணும்."